அப்பாவின் இரட்டைக்குழலும் காப்பீட்டுப் பத்திரமும்

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

என்னிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று தாத்தா காலத்துப் பன்னிரண்டு போர் (12 bore) நெடுந்துப்பாக்கி, மற்றொன்று .32 ரிவால்வர். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறேன். அதற்குள்ளேயே இவையும் அடங்கிவிடும் என்கிறார் முகவர். தனியாக எதுவும் தேவையில்லைதானே?

7 ஜனவரி 2024

அடங்காது. முகவரின் வாய்ச்சொல்லை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பாலிசியை எடுத்து வரி வரியாக வாசியுங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் அடிப்படைப் பாலிசியின் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு ஆகியவற்றுக்கு அது நல்ல பாலிசி. கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவன் நான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிவதைப் பார்த்தே வளர்ந்தவன். அந்தப் பாலிசியைக் குறை சொல்ல மாட்டேன். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு கிடைக்கிறது. திருட்டு என்று வரும்போதுதான் சிக்கல். மேலே சொன்ன விபத்துகளில் ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாள்களுக்குள் பொருள் களவுபோனால்தான் அந்தப் பாலிசி பணம் தரும். சாதாரணமான ஓர் இரவில் பூட்டை உடைத்துக்கொண்டு ஒருவன் வந்தால் தராது.

அதற்குத் தனியாகக் கன்னக்களவுக் காப்பு சேர்க்க வேண்டும். அதிலும் ஒரு முள் இருக்கிறது. பலவந்தமாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும், அல்லது பலவந்தமாக வெளியேறியிருக்க வேண்டும். கதவு திறந்து கிடந்தது, பகலில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றால் அது திருட்டுதான், ஆனால் பாலிசி சொல்லும் கன்னக்களவு ஆகாது. 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு வியாபாரியின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பாலிசியில் என்ன சொல் எழுதியிருக்கிறதோ அதன்படிதான் இழப்பீடு. வீட்டு வேலையாள் எடுத்தாலும் குடும்பத்தில் ஒருவர் எடுத்தாலும் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை.

8 ஜனவரி 2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். வெடிபொருள்களை அந்தப் பாலிசி வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. உங்கள் தோட்டாப் பெட்டிகளைப் பொருள் பட்டியலில் எழுதாதீர்கள். எழுதினால் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயருக்குக் கேள்வி கேட்க இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

11 ஜனவரி 2024

'அப்படியானால் எதைத்தான் எடுப்பது?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

துப்பாக்கிக்கென்றே தனிப் பாலிசி இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களிடம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கேட்பார் இல்லாததால் கிளை அலுவலகங்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. நான் முதன்முதலில் கேட்டபோது கவுண்டரில் இருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே இருந்த மூத்த அதிகாரி வந்துதான் படிவத்தைத் தேடி எடுத்தார். தீ, திருட்டு, தற்செயல் சேதம் மூன்றும் அதில் உண்டு. என் பாலிசியில் மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. பிரீமியம் ஒரு மூட்டை அரிசி விலைகூட ஆகவில்லை.

விலக்குகளைக் கவனமாகப் படியுங்கள். துரு, தேய்மானம், பூச்சி அரிப்பு, பழுது பார்க்கும்போது உண்டாகும் சேதம், இவை எதற்கும் பணம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி ஒரு நாள் தவறியிருந்தாலும் உங்களிடம் இருப்பது சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி அல்ல. சட்டப்படி வைத்திராத பொருளுக்கு எந்த நிறுவனமும் இழப்பீடு தராது, தரவும் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகிவிட்டது. நிம்மதிதான், ஆனால் ஐந்து ஆண்டு என்பது மறந்துபோக வசதியான இடைவெளி. நான் காலண்டரில் குறித்து வைப்பதில்லை, துப்பாக்கி அலமாரியின் உள்பக்கக் கதவிலேயே தேதியை ஒட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்தது மதிப்பு. இங்கேதான் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். என் அப்பாவின் துப்பாக்கி பர்மிங்காமில் செய்த கிரீனர், இரட்டைக்குழல், இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த முறுக்கிரும்புக் குழல்கள். தண்ணீரில் எண்ணெய் படர்ந்த மாதிரி குழல் முழுக்க வரிவரியாகக் கோலம். வெளிநாட்டு ஏலங்களில் இதற்கு என்ன விலை என்று இணையத்தில் தேடிப் பார்த்து அதையே படிவத்தில் எழுதிவிடாதீர்கள். 1980களின் நடுவிலிருந்து தனிநபர் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டுக் கிடக்கிறது. அந்த விலைக்கு நாம் இன்னொன்றை வாங்கவும் முடியாது, இதை அங்கே விற்கவும் முடியாது. உள்நாட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர் கொடுக்கும் விலைதான் விலை. இறக்குமதிக் கைத்துப்பாக்கிகளுக்குக் கடும் கிராக்கி. நெடுந்துப்பாக்கிகளைக் கேட்பவர் குறைவு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்றதோடு அந்தச் சந்தையும் படுத்துவிட்டது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் லெட்டர்ஹெட்டில் மதிப்புச் சான்று வாங்குங்கள். அந்தத் தொகையை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். குறைத்தும் போடாதீர்கள். 4 லட்சம் பெறும் பொருளை 1 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், காப்பீடு செய்த விகிதத்துக்கு மட்டுமே பணம் தரும் சராசரி விதி இருக்கும் பாலிசியில் எந்த இழப்புக்கும் கால் பங்குதான் கைக்கு வரும்.

14 ஜனவரி 2024

'இரண்டு துப்பாக்கியை எல்லாம் சேகரிப்பு என்று சொல்லலாமா?' என்று கேட்ட நண்பருக்கு.

சொல்லலாம். இந்தியாவில் அவ்வளவுதான் அனுமதி. 2019 வரை மூன்று. அந்த ஆண்டு டிசம்பர் 14 முதல் இரண்டு. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டுதான். மூன்று வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒன்றைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். துப்பாக்கிச் சங்க உறுப்பினர் குறிபார்க்க வைத்திருக்கும் .22 ரைஃபிளுக்கு மட்டும் சலுகை உண்டு. நான் எந்தச் சங்கத்திலும் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. அப்பாவின் கிரீனர், அவர் எஸ்டேட் மேலாளரிடம் வாங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் .22 ரைஃபிள், தாத்தாவின் ஒற்றைக்குழல் வாய்ச்செலுத்தி. மூன்றாவதுக்குச் சந்தை விலை என்று எதுவும் கிடையாது. ஊர்க் கொல்லன் செய்த கட்டை, கைப்பிடி தேய்ந்து பளபளத்துப் போயிருக்கும். உருளைக்கிழங்கு வயலில் பன்றி விரட்டத் தாத்தா வைத்திருந்தது. கருமருந்தை அளந்து போட்டு, துணி அடைத்து, கம்பியால் இடித்து அவர் கெட்டிப்பதைச் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 2020 நவம்பரில் அதைத்தான் டீலரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்குவார் யாரும் வரவில்லை. லைசென்ஸிலிருந்து அடித்தார்கள், பிறகு அரசிடம் போய்விட்டது. கொடுத்துவிட்டு வந்த அன்று இரவு சாப்பிடவில்லை. கிரீனரைக் கொடுத்துவிட்டு அதை வைத்துக்கொண்டிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. காப்பீட்டுக்காரர் மதிப்பு என்ன என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மதிப்பில்லாத துப்பாக்கிதான்.

கொடுக்க மனம் வராதவர்களுக்கு ஒரு யோசனை: அப்படிப்பட்ட பழைய துப்பாக்கியின் குழலை அடைத்துச் செயலிழக்கச் செய்துவிட்டால் அது காட்சிப்பொருள் ஆகிவிடும், கணக்கில் வராது.

15 ஜனவரி 2024

நேற்றைய கடைசிப் பத்தியை யாரும் பின்பற்ற வேண்டாம். தவறாக எழுதிவிட்டேன். நீலகிரி வழக்கறிஞர் நண்பர் ஒருவர் காலையிலேயே தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது பழமையான, அல்லது பழுதடைந்த, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத பொருளுக்கு. ஏற்கெனவே லைசென்ஸில் இருக்கும், சுடக்கூடிய துப்பாக்கியில் நாமாகக் கைவைப்பது தனிக் குற்றம். மாற்றம் எதுவானாலும் உரிமம் வழங்கிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, லைசென்ஸ் பெற்ற பழுதுநீக்குபவர் கையால்தான் நடக்க வேண்டும். தாத்தாவின் துப்பாக்கி நினைவில் கை ஓடிவிட்டது.

21 ஜனவரி 2024

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நீளமாகத்தான் எழுதுவேன்.

லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே ஒரு கேள்வி உண்டு: துப்பாக்கியையும் தோட்டாவையும் வைக்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா? எல்லோரும் 'ஆம்' என்று எழுதிவிட்டு, புடவைகளுக்குப் பின்னால் பீரோவில் நிறுத்திவைக்கிறோம். வீட்டுப் பீரோ துப்பாக்கிக்கான இடமே அல்ல. அதன் தகட்டை ஒரு கடப்பாரையால் வாழைமட்டை போல் பிரித்துவிடலாம். திருடன் முதலில் திறப்பதும் பீரோவைத்தான், நகைக்காக. நகை தேடி வந்தவன் கையில் துப்பாக்கி கிடைத்தால், அதற்குப் பிறகு அது யார் மேல் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் போனால் என் பணம். துப்பாக்கி போனால் ஊருக்கே கேடு.

நான் செய்திருப்பது: கனமான தகட்டில் குறுகலான நெட்டை அலமாரி, மாடிப்படிக்கு அடியில், இரண்டு கருங்கல் சுவர்கள் சேரும் மூலையில். பின்புறத்திலும் அடியிலும் நங்கூரப் போல்ட்டுகளால் சுவரோடும் தரையோடும் இறுக்கியிருக்கிறேன். மூலையில் வைத்தால் கடப்பாரை நுழைக்க இரண்டு பக்கம் அடைபட்டுவிடும். துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகப் பிரித்து வைக்கிறேன். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். தீப்பிடித்தால் வெடிக்காதா என்று கேட்பார்கள். பெட்டியில் கிடக்கும் தோட்டா தீயில் பட்டாசு போல் வெடித்துச் சிதறும், குழலில் இருந்து வரும் வேகம் அதற்கு இராது. தீயில் பேராபத்து குழலுக்குள் விட்டுவைத்த தோட்டாதான். கெட்டித்த துப்பாக்கியை வீட்டில் வைக்கவே கூடாது என்பதற்கு வேறு காரணங்கள் ஆயிரம் இருந்தாலும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருடனைவிட ஈரம் கொடியது. அவன் வராமலே போகலாம், எங்கள் மலையில் ஈரம் ஆண்டுதோறும் வரும். அதுவும் பாலிசி விலக்கிவைத்த சேதம். கிரீனரை அப்பா அதனுடைய தோல்பெட்டியிலேயே வைத்திருந்தார். பார்க்க ராஜகளை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் இரும்பைத் தின்னும். இடது குழலின் அடியில் இன்றும் ஒரு சோழி அளவுக்குக் குழிகள் இருக்கின்றன. அந்தப் பெட்டி இப்போது காலியாகப் பரணில் இருக்கிறது. சிலிக்கா ஜெல் பைகளை அலமாரியில் போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். மெல்லிய இயந்திர எண்ணெய், அதுவும் துணியில் ஒற்றி. எண்ணெய் அதிகமானால் கீழே வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தைப் பஞ்சாக்கிவிடும். அதனால்தான் பழைய ஆட்கள் குழல் வாய் கீழே பார்க்கும்படி நிறுத்தினார்கள். தொட்ட பிறகு துடைக்காமல் வைக்காதீர்கள். வியர்வைக் கைரேகை அப்படியே துருவாக எழும்பும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறுக்கிரும்புக் குழல்கள் கருமருந்துக்காகச் செய்தவை. பரிசோதனை முத்திரையில் 'நைட்ரோ' என்ற சொல் இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. எங்கள் கிரீனரில் அந்தச் சொல் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அது சுட்டதே இல்லை.

28 ஜனவரி 2024

டெக்சாஸில் இருக்கும் ஒரு தமிழர் தம்மிடம் பதினொரு துப்பாக்கிகள் இருப்பதாகவும் இங்குள்ள சட்டம் விசித்திரமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். என் மைத்துனரும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய பாலிசியை வாங்கி வாசித்துவிட்டே பதில் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் ஊரில் எண்ணிக்கைக்குத் தடையில்லை, ஆனால் பாலிசியில் தடை இருக்கிறது. வீட்டுக்காரர்கள் எடுக்கும் வழக்கமான எச்.ஓ.-3 பாலிசியில் துப்பாக்கித் திருட்டுக்கு மட்டும் தனி உச்சவரம்பு உண்டு. பரவலாக இருப்பது மொத்தத்துக்கும் சேர்த்து 2,500 டாலர். பதினொன்றும் போனாலும் அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு பட்டியலிட்டுத் தனி இணைப்பாக எடுக்க வேண்டும், அல்லது சேகரிப்பாளர்களுக்கான தனிப் பாலிசி. உங்கள் மாநிலத்தில் அரசுப் பதிவேடு கிடையாது. எனக்காவது லைசென்ஸ் புத்தகத்தில் எண் எழுதியிருக்கிறது. நீங்கள் எழுதி வைக்காவிட்டால் உங்களுடையது என்று காட்ட உங்கள் கையில் ஒரு தாளும் இராது.

'கன் சேஃப்' என்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை ஆர்.எஸ்.சி. என்ற வகைச் சான்று பெற்றவை. பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூ.எல். அமைப்பின் அந்தச் சோதனை, அடிப்படை நிலையில், சாதாரணக் கைக்கருவிகளோடு ஐந்து நிமிடத் தாக்குதலைத் தாங்குகிறதா என்றுதான் பார்க்கிறது. ஐந்து நிமிடம். அலாரமும் சேர்த்து வையுங்கள். வீட்டில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுத்துவிடும்படி கெட்டித்த துப்பாக்கியை விட்டுவைப்பது உங்கள் மாநிலத்திலும் குற்றம் என்பதை மறக்க வேண்டாம்.

3 பிப்ரவரி 2024

இந்த இழையில் ஒருவர் தம் துப்பாக்கியை வரவேற்பறைச் சுவரில் மாட்டிப் படம் போட்டிருந்தார். பின்னால் சன்னல், சன்னலுக்கு வெளியே தெருப்பெயர்ப் பலகை. ஐயா, அதை இப்போதே எடுத்துவிடுங்கள். படம் எடுக்க வேண்டியது காப்பீட்டுக்காக. குழலடியில் இருக்கும் எண், முத்திரைகள், செதுக்குவேலை, கட்டையில் இருக்கும் ஒவ்வொரு கீறல், எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். எடுத்ததை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வேறு கண்ணில் படக் கூடாது.

4 பிப்ரவரி 2024

எடுத்துவிட்டார். நன்றி.

10 பிப்ரவரி 2024

நேற்று இரவு ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவர் இறந்து நான்கு மாதம். அவருடைய துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. பாலிசி அவர் பெயரில் செப்டம்பர் வரை நடப்பில் இருக்கிறது, அதனால் அவசரமில்லைதானே என்று கேட்கிறார்.

அம்மா, அவசரம். இழையில் வேறு எதையும் படிக்க வேண்டாம், இதை மட்டும் படியுங்கள். லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. அவர் போன பிறகு அந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பது சட்டப்படியான உடைமை ஆகாது, ஆகவே பாலிசியும் உங்களைக் காக்காது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. நீங்களாக எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், இறப்புச் சான்றிதழையும் லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். அவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள், அல்லது எப்படிக் கொண்டுவருவது என்று சொல்வார்கள். துப்பாக்கி எண், குழல் நிலை, தோட்டா எண்ணிக்கை மூன்றும் எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். ஒப்படைத்ததால் துப்பாக்கி போய்விடாது. பிள்ளைகளில் ஒருவர் வாரிசு அடிப்படையில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால்தான் அரசுடைமை ஆகும்.

என் அப்பா 1994இல் போனார். ஈமக்காரியங்கள் முடிந்த மறுநாளே சித்தப்பா என்னையும் அழைத்துக்கொண்டு மூன்றையும் ஒப்படைத்தார். அப்போது எனக்கு அவர் மேல் கோபம். அவசரக்காரர் என்று நினைத்தேன். லைசென்ஸ் என் பெயருக்கு வர 1996 ஆயிற்று.

11 பிப்ரவரி 2024

அந்த அம்மா இன்று பேசிவிட்டார். திங்கட்கிழமை வாங்கிக்கொள்ள வருகிறார்களாம்.

18 பிப்ரவரி 2024

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பாதுகாப்பு என்றால் எல்லோரும் திருடனையே பேசுகிறோம். எங்கள் நெருங்கிய உறவில் ஒரு பையன், சில ஆண்டுகளுக்கு முன் மனம் மிகவும் சோர்ந்து இருந்தான். படிப்பு, வேலை, எல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்ந்திருந்தது. மாற்றத்துக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கினான். என் மனைவிதான் முதலில் சொன்னாள்: 'அந்தப் பையன் இங்கே இருக்கும்வரை அது இரண்டும் இந்த வீட்டில் வேண்டாம்.' சாவி என் இடுப்பில்தானே இருக்கிறது என்றேன். 'சாவியை நம்பி நான் தூங்க மாட்டேன்' என்றாள். மறுநாளே டீலரிடம் பாதுகாப்புக் காவலில் வைத்தேன். மாத வாடகை கட்டி எட்டு மாதம் அங்கே இருந்தன. அவன் இப்போது நன்றாக இருக்கிறான், குழந்தைக்கு அப்பா. துப்பாக்கி ஏன் வீட்டில் இல்லை என்று அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

வீட்டில் யாராவது அப்படி இருந்தால், டாக்டரிடம் அழைத்துப் போவதோடு சேர்த்து இதையும் அன்றைக்கே செய்யுங்கள். லைசென்ஸ் பெற்ற டீலர்கள் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்கள். ரசீது தருவார்கள்.

24 பிப்ரவரி 2024

'களவுபோய், நிறுவனம் பணம் கொடுத்த பிறகு துப்பாக்கி கிடைத்துவிட்டால்?' நல்ல கேள்வி. முதலில் அது வழக்குச் சொத்து. நீதிமன்றத்தில் மனு போட்டால் இடைக்காலமாக உங்களிடம் திரும்பத் தரலாம். வழக்குச் சொத்துகளைக் காவல் நிலையத்தில் மட்கவிடக் கூடாது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் கொடுத்த நிறுவனத்துக்கு அதன் மேல் உரிமை உண்டு, ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அந்த நிறுவனம் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. பணத்தைத் திருப்பிக் கட்டித் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கே முதலில் என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

களவு தெரிந்த உடனே புகார். காலையில் தெரிந்தால் காலையிலேயே. முதல் தகவல் அறிக்கை, கடைசியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, இரண்டும் இல்லாமல் கோப்பு நகராது.

16 மார்ச் 2024

நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. நடத்தை விதி இன்றே அமலுக்கு வந்துவிட்டது. தேர்தல் முடியும்வரை துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி ஓரிரு நாளில் ஆள் வரும்.

20 மார்ச் 2024

இன்று ஒப்படைத்துவிட்டு வந்தேன். இந்த இழையில் நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம் இதுதான். இதுவரை சுற்றி வந்துவிட்டேன்.

2021 சட்டமன்றத் தேர்தல். பிப்ரவரி கடைசியில் கொடுத்தேன், மே மாதம் திரும்ப வந்தது. எங்கே என்று சொல்லப் போவதில்லை, அங்கிருந்தவர்கள் கெட்டவர்களும் அல்லர். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள், ஓர் அறை, கோடை மழை, ஓட்டில் ஒழுக்கு. கிரீனரை வாங்கி வீட்டில் பிரித்தபோது வலக் குழல் முழுக்கச் செம்பொடி. கோலம் போட்ட இரும்பின் மேல் அம்மை போட்ட மாதிரி. கட்டையில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. உட்கார்ந்து அழுதேன். அப்பா போனபோதுகூட எல்லோர் முன்னாலும் அழாதவன்.

காப்பீடு இருக்கிறதே என்று போனேன். மறுத்துவிட்டார்கள். மூன்று காரணங்கள் எழுதியிருந்தார்கள். துரு விலக்கப்பட்ட சேதம். சேதம் நடந்தது பாலிசியில் குறித்த முகவரியில் அல்ல. ஒப்படைக்கும்போது துப்பாக்கி எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. கோபத்தோடு வாசித்தேன். மறுபடி வாசித்தபோது மூன்றாவது காரணத்துக்கு என்னிடம் பதிலே இல்லை. ரசீதில் 'டி.பி.பி.எல். 1', அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, என்று மட்டும் இருந்தது.

இந்த முறை செய்தவை: கொடுப்பதற்கு முந்தின நாள் 46 படங்கள் எடுத்தேன். குழலுக்குள் எண்ணெய் ஒற்றி, வெளியே பாதுகாப்பு மெழுகு தடவி, பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகும் கித்தான் பையில் சிலிக்கா ஜெல்லோடு கட்டினேன். பிளாஸ்டிக் உறையில் போடவில்லை, உள்ளேயே வியர்க்கும். நிலை விவரத்தை இரண்டு பிரதிகளில் எழுதிக் கொண்டுபோய் ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் கேட்டேன். இளம் உதவி ஆய்வாளர், பெண். என் தாளை முழுவதும் படித்துவிட்டு, 'ஐயா, இந்தக் குழி முன்பே இருந்ததா?' என்று கேட்டார். தோல்பெட்டிக் கதையைச் சொன்னேன். அதையும் எழுதிச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

22 மார்ச் 2024

ஜனவரியில் எழுதியதை வாசித்துவிட்டு, தனிப் பாலிசி எடுத்தால் எல்லா இடத்திலும் காப்பு உண்டு என்று சிலர் நினைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித் தொனிக்கும்படிதான் எழுதியிருக்கிறேன். இல்லை. காவல் நிலையம், டீலர் கடை, இடையில் கொண்டுபோகும் வழி, இவற்றையெல்லாம் பெயர் சொல்லிப் பின்குறிப்பாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு நான் அப்படித்தான் செய்தேன். மிகச் சிறிய கூடுதல் தொகை. துருவுக்கு இன்னும் காப்பு இல்லை. கசிந்த நீரால் உடனடியாக ஏற்படும் சேதத்தை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வாரிசு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 70 வயதானால் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். எனக்கு 68, இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்கிறேன்.

23 மார்ச் 2024

வழக்கறிஞர் நண்பர் மறுபடியும் அழைத்தார். 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி: 70 வயது, அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தது, எது முந்தியோ அது. நான் 1996இலிருந்து வைத்திருக்கிறேன். 2021இலேயே தகுதி வந்துவிட்டது. மூன்று ஆண்டாக வீணாகக் காத்திருந்திருக்கிறேன்.

15 ஜூன் 2024

நேற்று கிரீனர் திரும்பி வந்தது. கித்தான் பையின் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. சிலிக்கா ஜெல் முழுக்க இளஞ்சிவப்பு. மார்ச் மாதப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சன்னலோரத்தில் மகளோடு உட்கார்ந்து ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்தேன். இரண்டு குழல்களும் சுத்தம். விசைக்காப்பு வளையத்தில் மிளகளவு ஒரே ஒரு புள்ளி, துணியால் துடைத்தவுடன் போய்விட்டது.

வாரிசு விண்ணப்பத்தில் மகள் பெயரைத்தான் எழுதப் போகிறேன். மகனுக்கு விருப்பமில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். அவள் அடுத்த மாதம் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகிறாள், அந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்படாது. லைசென்ஸ் அவள் பெயருக்கு வரும் நாளில்தான் பாலிசியும் மாற வேண்டும், ஒரு நாள் முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் கேள்வி கேட்டவர் தனிப் பாலிசி எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று அவர் குறிப்பிடவில்லை. ஐயா, அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

16 ஜூன் 2024

ஆகஸ்டாம். இன்றே புதுப்பிக்க விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.